26 வாரமா, 14 வாரமா: ஜெர்மனிக்குப் போகும் தேவகோட்டைக்காரருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டை சொந்த ஊர், சென்னையில் மென்பொருள் வேலை. கம்பெனி உங்களை மியூனிக்குக்கு அனுப்பப் பார்க்கிறது. அடுத்த வருஷம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நீங்களும் கணவரும் எண்ணியிருக்கிறீர்கள். இந்தியாவில் பேறுகால விடுப்பு 26 வாரம், ஐரோப்பியச் சட்டத்தில் 14 வாரம் என்று எங்கேயோ படித்துவிட்டு, "போனால் 12 வாரம் நஷ்டம்தானே? அப்படியானால் நம் சட்டம்தான் உசத்தியா?" என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், காரைக்குடியில் பலகாரம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணிக்கு இப்போது ஐந்து மாதம் என்றும், அவருக்கு ஒரு நாள் விடுப்புகூடச் சட்டப்படி கிடையாது என்று முதலாளி சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சட்டம் உசத்தி என்பது கேள்வியின் மேல்தோல்தான். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்த மாதங்களில் கையில் எவ்வளவு வரும், திரும்பிப் போகும்போது வேலை இருக்குமா என்பது. அண்ணியின் கேள்வியும் அதேதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டுட்கார்ட்டில் ஒரு கம்பெனியின் ஊழியர் பிரிவில் எட்டு வருஷம் இருந்தேன். அதில் பாதி நேரம் இந்த விடுப்பு விண்ணப்பங்களோடுதான் போனது. இப்போது காரைக்குடியில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். கணக்குப் பார்க்கிறேன். வக்கீல் இல்லை. உங்கள் ஒப்பந்தத் தாளையும் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிற இடம் வரும்போது அங்கேயே சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

சரி, முதலில் அந்த 14. அது 1992-ல் ஐரோப்பிய அமைப்பு கொண்டுவந்த ஒரு டைரக்டிவில் இருக்கும் எண். டைரக்டிவ் என்பது, ஒவ்வொரு நாடும் இன்ன மாதிரி சட்டம் போட்டே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம். "எந்த நாட்டிலும் 14 வாரத்துக்குக் கீழே போகக்கூடாது, அதில் 2 வாரம் கட்டாய ஓய்வு, அந்த நாட்களில் வருமானம் குறைந்தபட்சம் நோய் விடுப்பில் கிடைக்கும் அளவுக்காவது இருக்க வேண்டும்" என்பது அதன் சாரம். ஆக 14 என்பது வீட்டின் தரை. அதற்கு மேல் எத்தனை மாடி கட்டுவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். தரையையே உயர்த்தவும் பார்த்தார்கள். 2008-ல் ஐரோப்பிய ஆணையம் 18 வாரமாக்கலாம் என்றது. 2010-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய் முழுச் சம்பளத்தோடு 20 வாரம் என்று ஓட்டுப் போட்டது. உறுப்பு நாடுகளின் அரசுகள் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிப் பேசி ஓய்ந்து 2015-ல் அந்த முன்மொழிவையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதனால்தான் இன்னும் 14.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு தனியார் கம்பெனியிடம் போய் "ஐரோப்பிய டைரக்டிவில் எனக்கு இந்த உரிமை இருக்கிறது" என்று மட்டும் சொல்லி வாதாட முடியாது. 1986-ல் மார்ஷல் என்ற பிரிட்டிஷ் பெண்மணியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: டைரக்டிவை அரசு முதலாளிக்கு எதிராக நேரடியாகக் காட்டலாம், தனியாருக்கு எதிராகக் காட்ட முடியாது. உங்கள் கையில் இருக்க வேண்டிய ஆயுதம் ஜெர்மனி தானே போட்ட தாய்மைப் பாதுகாப்புச் சட்டம், முட்டர்ஷுட்ஸ். நம் ஊரிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். மத்தியச் சட்டம் 26 வாரம் என்ற தரையைப் போடுகிறது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் தருகிறது. அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்தில் ஒரே தெருவில் குடியிருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு ஒரு வருஷம், எதிர்வீட்டுத் தனியார் பள்ளி ஆசிரியைக்கு ஆறு மாதம். அந்தத் தெருவில் போய் "இந்தியாவில் எத்தனை வாரம்?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்குமோ, "ஐரோப்பாவில் எத்தனை வாரம்?" என்பதற்கும் அதுதான். பல்கேரியாவில் 410 நாள். பிரான்சில் 16 வாரம். சுவீடனில் பேறுகாலம் என்று தனியாகப் பெரிதாக வைக்காமல் தாய் தகப்பன் இருவருக்கும் சேர்த்து 480 நாள். பிரிட்டன் 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டாலும் அங்கே 52 வாரம் உண்டு. ஆனால் சம்பளத்தில் 90 விழுக்காடு வருவது முதல் 6 வாரத்துக்குத்தான். அப்புறம் 33 வாரத்துக்கு ஒரு சிறு தொகை, மீதிக்கு ஒன்றுமில்லை.

ஜெர்மனியில் உங்களுக்கு என்ன? பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம். இரட்டைப் பிள்ளை, குறைமாதப் பிரசவம் என்றால் பின்னே 12. முன் 6 வாரத்தில் நீங்களே விரும்பினால் வேலை செய்யலாம். பின் 8 வாரத்தில் விரும்பினாலும் செய்யக்கூடாது. இந்தக் காலத்தில் கையில் வரும் சம்பளம் குறையாது: பொது மருத்துவக் காப்பீடு ஒரு நாளைக்கு 13 யூரோ வரை தரும், மீதியைக் கம்பெனி ஈடுகட்டும். இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நீங்கள் 12 வாரத்தைக் கழித்துப் பார்த்திருக்கிறீர்கள். அது முடியும் இடத்தில் எல்டர்ன்ட்ஸைட், அதாவது பெற்றோர் விடுப்பு தொடங்குகிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியே 3 வருஷம் வரை. கம்பெனி மறுக்க முடியாது, வேலையும் போகாது. அதில் சம்பளம் கிடையாது. பதிலாக அரசு எல்டர்கெல்ட் என்ற தொகையைத் தருகிறது: பெரும்பாலானவர்களுக்கு முன்பு கைக்கு வந்த சம்பளத்தில் 65 முதல் 67 விழுக்காடு, மாதம் குறைந்தது 300 யூரோ, அதிகபட்சம் 1800 யூரோ. ஒருவர் மட்டும் எடுத்தால் 12 மாதம், கணவரும் குறைந்தது 2 மாதம் எடுத்துக்கொண்டால் 14 மாதம். பிரசவத்துக்குப் பிந்தைய அந்த 8 வாரமும் இந்தக் கணக்கிலேயே கழிந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். சென்னையில் ஆறு மாதம் முழுச் சம்பளம், பிறகு பூஜ்யம். மியூனிக்கில் மூன்று மாதம் முழுச் சம்பளம், பிறகு பத்து மாதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, ஆனால் 1800-க்கு மேல் போகாது. மியூனிக் வாடகைக்கு 1800 யூரோ எந்த மூலை என்பது வேறு கதை.

நான் இருந்த எட்டு வருஷத்தில் என் கண்ணைத் திறந்த விஷயம் இந்த எண்கள் எதுவும் இல்லை. கம்பெனி ஈடுகட்டும் என்றேனே, அந்தப் பணம் கம்பெனிக்குத் திரும்பி வந்துவிடும். ஜெர்மனியில் எல்லா முதலாளிகளும், ஆண்களை மட்டுமே வேலைக்கு வைத்திருப்பவர் உட்பட, ஒரு பொது நிதிக்கு மாதாமாதம் சிறு தொகை கட்டுகிறார்கள். எந்தக் கம்பெனியில் யார் கர்ப்பமானாலும் அந்தக் கம்பெனி கொடுத்த தொகை முழுவதும் அந்த நிதியிலிருந்து வந்து சேரும். அதனால் ஓர் ஊழியர் வந்து "எனக்கு மூன்று மாதம்" என்று சொல்லும்போது மேலாளருக்கு ஆள் பற்றாக்குறைக் கவலைதான் வரும். பணக் கவலை வராது. இங்கே நிலைமை தலைகீழ். 1961-ல் வந்த நம் மகப்பேறு நலச் சட்டம் நல்ல சட்டம். 2017-ல் 12 வாரத்தை 26 ஆக்கினார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் மாதம் 21,000 ரூபாய் என்ற இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேலே சம்பளம் வாங்குபவருக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் அந்த ஒரு முதலாளியே தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தர வேண்டும். "கல்யாணம் ஆயிடுச்சா? அடுத்து என்ன பிளான்?" என்று நேர்காணலில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, இந்தச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டக்கூடாது என்பதைப் பொது விதியாகவே வைத்திருக்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இதைப் பற்றி ஒரு சம்பவம். இரண்டு வருஷம் முன்பு இங்கே ஒரு கடைக்காரர் என்னிடம் வந்தார். 14 பேர் வேலை செய்யும் இடம், அதில் ஒரே வருஷத்தில் மூன்று பெண்கள் கர்ப்பம். "இனிமே பொம்பளைப் பிள்ளைகளை எடுக்காம விட்டா தப்பா?" என்று கேட்டார். கெட்டவர் இல்லை, கணக்கைப் பார்த்துப் பயந்துவிட்டார். பதிவேட்டைப் புரட்டினால் மூன்று பேருக்கும் சம்பளம் 21,000 ரூபாய்க்குக் கீழே. மாதாமாதம் இவரே 3.25 விழுக்காடு இ.எஸ்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த 26 வாரத்துக்கும் சராசரிச் சம்பளம் முழுவதையும் இ.எஸ்.ஐ. தரும், இவர் கையிலிருந்து ஒரு பைசா போகாது. கட்டிக்கொண்டிருந்தவருக்கே எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியவில்லை. ஜெர்மனிக்காரர் செய்திருப்பதை நாமும் பாதி வழி செய்துதான் வைத்திருக்கிறோம். 21,000-ல் போய் நின்றுவிட்டோம்.

வேலைப் பாதுகாப்பில் ஐரோப்பா கறாராக இருக்கிறது. 1990-ல் டெக்கர் வழக்கில், கர்ப்பம் என்பதால் ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்காமல் விடுவது நேரடியான பால் பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அந்த வேலைக்கு ஆண் யாருமே விண்ணப்பித்திருக்கவில்லை, அப்படியும். 2001-ல் ஒரு டேனிஷ் வழக்கில், தற்காலிக வேலைக்குச் சேரும்போது கர்ப்பத்தைச் சொல்லாமல் மறைத்தவரைக்கூட அதைக் காட்டி நீக்கக்கூடாது என்றது. ஜெர்மன் சட்டத்தில் கர்ப்பம் தொடங்கிய நாளிலிருந்து பிரசவத்துக்குப் பின் 4 மாதம் வரை, தகுதிகாண் பருவத்தில் இருந்தாலும், அரசு அனுமதி இல்லாமல் வேலைநீக்கம் செல்லாது. கம்பெனிக்கு விஷயம் தெரியாமல் நீக்கியிருந்தால், கடிதம் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நீங்கள் தெரிவித்தால் போதும். நம் சட்டத்திலும் விடுப்பில் இருப்பவரை நீக்கத் தடை இருக்கிறது. நீக்க வேண்டிய தேவையே வராதபடி, ராஜினாமாக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது.

நம் பக்கம் கை ஓங்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். கருச்சிதைவுக்கு இந்தியச் சட்டம் 1961-லேயே 6 வாரச் சம்பள விடுப்பு தந்தது. ஜெர்மனியில் 13-ஆம் வாரம் முதல் ஏற்படும் கருச்சிதைவுக்குப் படிப்படியான பாதுகாப்பு வந்ததே 2025 ஜூனில்தான். ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஜெர்மனியில் வேலையும் அதோடு முடியும், கர்ப்பம் அதை நீட்டிக்காது. இங்கே டில்லியில் ஒப்பந்த மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் 26 வாரப் பலன் முழுதாகத் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. மூன்றாவது குழந்தைக்கு வந்தால் வேடிக்கையாக இருக்கும். பிரான்ஸ் 16 வாரத்தை 26 ஆக உயர்த்துகிறது, இந்தியா 26 வாரத்தை 12 ஆகக் குறைக்கிறது. ஒன்று ஆள் சேர்க்கும் நாடு, ஒன்று ஆளைக் குறைக்கப் பார்த்த நாடு. விடுப்புச் சட்டத்துக்குள் மக்கள்தொகைக் கொள்கை எப்படி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஆனால் 2025 மே மாதம், முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்த தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கும் பேறுகால விடுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறின, 26 வாரம் மாறவில்லை.

இனி உங்கள் தாள். கம்பெனி உங்களை இந்திய ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொண்டு தற்காலிகமாக அனுப்புகிறதா, இங்கே ராஜினாமா செய்யவைத்து ஜெர்மன் கிளையில் புதிதாகச் சேர்க்கிறதா என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். ஜெர்மன் ஒப்பந்தம் என்றால் நான் மேலே சொன்னதெல்லாம் உறுதி. இந்திய ஒப்பந்தத்தில் போனாலும், ஜெர்மன் மண்ணில் வேலை செய்யும் வரை கர்ப்பிணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும், அதுவும் உறுதி. அந்தக் காலத்தில் சம்பளம் எந்த நாட்டுக் கணக்கில், எந்தக் காப்பீட்டின் வழியாக வரும் என்பதைத் தாள் பார்க்காமல் சொன்னால் அது ஜோசியம். கம்பெனி உங்களை ஜெர்மன் பொதுக் காப்பீட்டில் சேர்க்கிறதா, வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டோடு நிறுத்துகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த 13 யூரோ பொதுக் காப்பீட்டுக்காரருக்குத்தான்.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எல்டர்கெல்ட் பிரசவத்துக்கு முந்தைய 12 மாத வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதில் ஜெர்மனியிலோ ஐரோப்பிய நாடுகளிலோ வரி கட்டிய வருமானம்தான் சேரும். சென்னையில் வாங்கிய சம்பளம் பூஜ்யமாகவே பார்க்கப்படும். போய் இறங்கி மூன்றாம் மாதமே விடுப்பில் போனால், 1800 எதிர்பார்த்தவர் கைக்கு 300, 400 வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் பெற்றுக்கொண்டால் கணக்கே வேறு. குழந்தை எப்போது என்பதைப் படிவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். ப்ளூ கார்டில், அதாவது படித்த வேலையாட்களுக்கான விசாவில் போனால் எல்டர்கெல்ட்டுக்குத் தகுதி உண்டு. மற்ற விசாக்களில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்புறம், தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று தேவகோட்டையில் ஆச்சி பிடிவாதம் பிடிக்கக்கூடும். எல்டர்கெல்ட் வாங்க ஜெர்மனியில் குடியிருக்க வேண்டும். சில வாரம் வந்து போவது வேறு, அங்கே வீட்டைக் காலி செய்துவிட்டு வருவது வேறு.

உங்கள் அண்ணி விஷயம்தான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. ஜெர்மன் சட்டம் ஒரே ஒரு வீட்டுப் பணிப்பெண்ணை வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும். நம் சட்டம் கடை, நிறுவனம் என்றால் பத்துப் பேர் இருந்தால்தான் உள்ளே நுழையும். செட்டிநாட்டில் முறுக்குச் சுற்றுவதிலும் சீப்புச் சீடை, மனகோலம் போடுவதிலும் ஏராளமான பெண்கள் இருக்கிறார்கள். அடுப்படி ஒவ்வொன்றிலும் நாலு பேர், ஆறு பேர். 26 வாரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் எண் அந்த வாசற்படியில் நின்றுவிடுகிறது. அங்கே நிஜமாகவே ஆறு பேர்தான் என்றால், முதலாளி சொல்வது, கேட்கக் கசந்தாலும், சட்டப்படி சரி.

ஆனால் எண்ணிப் பாருங்கள், அவர் எண்ணிச் சொன்னதை நம்பாதீர்கள். பதிவேட்டில் நாலு பேரும் அடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பேரும் இருக்கும் இடங்கள் எனக்குத் தெரியும். முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் வேலை செய்திருந்தால் சட்டம் பொருந்தும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் அந்த அடுப்படியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அண்ணியிடம் கேளுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினாலும், பேர் பதியாத தினக்கூலி என்றாலும் உரிமை போகாது. 2000-ஆம் ஆண்டிலேயே டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியாயிற்று. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கூலி போன் வழியாக வந்திருந்தால் அந்தப் பணம் வந்த விவரங்களை எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். சண்டை போட்டால் அந்த வேலை நிலைக்குமா என்பதை மட்டும் அவர்தான் எடைபோட வேண்டும். அதை நான் காரைக்குடியில் உட்கார்ந்து எழுதிவிட முடியாது.

எது எப்படியானாலும், எத்தனை பேர் என்ற கேள்வியே இல்லாமல் அவருக்கு உரியது ஒன்று இருக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு அரசு நடத்தும் மகப்பேறு நிதியுதவித் திட்டம். ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கமாகத் தவணைகளில், 4,000-க்குச் சத்துப் பெட்டகம். இது விடுப்பு ஆகாது, இழந்த கூலிக்கும் ஈடாகாது. ஆனால் கர்ப்பத்தைப் பதிவு செய்தால்தான் வரும், தாமதமானால் தவணை தவறும். ஐந்து மாதம் என்கிறீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிட்டாரா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். மியூனிக் தாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.